குளக்கட்டில் நீர்நாயின் அடையாளங்களை அறிவது எப்படி?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு குளத்தில் நீர்நாய் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர், தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பதை விட்டுக் கரையைப் பார்க்கப் பழக வேண்டும். இது பெரும்பாலும் இரவில் இரை தேடும் விலங்கு, தனியே திரிவது, ஆள் அரவம் கேட்டதும் சத்தமின்றித் தண்ணீருக்குள் இறங்கிவிடுவது. ஆகவே அதை நேரில் கண்டே தீருவது என்று குளக்கட்டில் உட்காருகிறவர்களில் பலர் கொக்கையும் நீர்க்காகத்தையும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஆனால் நீர்நாய் தான் நடமாடும் இடங்களை எச்சத்தால் அடையாளமிடும் வழக்கமுடையது. ஈரச் சேற்றில் தடத்தையும் விட்டுச் செல்வது. அவற்றை இனங்காணத் தெரிந்தால், விலங்கு கண்ணில் படாமலே அது வந்து போன இடத்தையும் அது தின்ற இரையையும் பெருமளவு சொல்லிவிடலாம். அதற்கான வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேடுவது எந்த நீர்நாயை

உலகிலுள்ள நீர்நாய்களை 13 இனங்களாக வகுப்பது நெடுநாள் வழக்கம். அவற்றுள் இலங்கையில் வாழ்வது ஒன்றுதான்: ஐரோப்பாவின் மேற்குக் கரை முதல் ஆசியாவின் கிழக்கு ஓரம் வரை பரந்து காணப்படும் யுரேசிய நீர்நாய். கைத்தொலைபேசியில் நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை வேறு இனங்களைக் காட்டுபவை என்பதால், இதை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்வது நல்லது. மல்லாந்து மிதந்தபடி நெஞ்சின் மேல் கல்லை வைத்துச் சிப்பியை உடைப்பது வட பசிபிக் கடலில் வாழும் கடல் நீர்நாய். காவிரிக் கரையில் கூட்டமாகத் திரிவது மென்மயிர் நீர்நாய். வீட்டுத் தொட்டியில் கிடந்து விரல்களால் பொருள்களை உருட்டி விளையாடுவது பெரும்பாலும் சிறுநக நீர்நாய். இம்மூன்றும் நம் நாட்டில் இல்லை. எனவே நம் குளங்களில் கூட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று ஒன்றாகத் தென்பட்டால் அது பெரும்பாலும் தாயும் குட்டிகளுமாகவே இருக்கும்.

கீரியின் உறவு என்று இதைச் சொல்பவர்கள் நம் பக்கத்தில் உண்டு. உருவத்தில் ஓர் ஒற்றுமை இருப்பது மெய்தான். ஆயினும் கீரி வேறு குடும்பம். நீர்நாய் வீசல், பேட்ஜர் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது; இலங்கையில் இயற்கையாக வாழும் விலங்குகளில் அக்குடும்பத்துக்கு இது ஒன்றே உறுப்பினர்.

வளர்ந்த விலங்கு மூக்கு முதல் வால் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளம் இருக்கும். ஆண் சற்றுப் பெரியது. உடல் நீண்டு உருண்டிருக்கும், கால்கள் குட்டை, தலை தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும், வால் அடியில் தடித்து நுனி வரச் சிறுக்கும். மேலே மண்ணிறம், தொண்டையும் வயிறும் வெளிர் நிறம். கால் விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. நீரில் மூழ்கும்போது மூக்குத் துளைகளும் காதுகளும் மூடிக்கொள்ளும். குளத்து நீர் கலங்கிக் கிடக்கும்போதும் இருட்டிலும், மீனின் அசைவால் நீரில் எழும் அதிர்வை முகத்தின் விறைத்த மீசை மயிர்களே உணர்த்துகின்றன.

இதன் தோல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் சொல்லப்போகும் பல அடையாளங்களுக்கு அதுவே காரணம். வெளியே நீண்ட மயிர், உள்ளே மிக நெருக்கமான பஞ்சு மயிர் என்று மயிர்ப் போர்வை இரண்டு அடுக்காக அமைந்திருக்கிறது. வெளி மயிர் நனைந்தாலும் உள்ளடுக்கில் காற்று சிறைப்பட்டிருப்பதால் குளிர்ந்த நீர் தோலைத் தொடுவதில்லை. திமிங்கிலத்துக்கோ கடல்நாய்க்கோ இருப்பது போன்ற தடித்த கொழுப்புப் படை நீர்நாய்க்குக் கிடையாது. ஆகவே உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள அது நிறையத் தின்றாக வேண்டும். தன் எடையில் ஏறத்தாழ 15 வீதம் அளவுக்கு ஒரு நாளைக்கு உண்ணும் என்பது பொதுவான கணக்கு. நிறையத் தின்பதால் எச்சமும் அடிக்கடி இடும். நீரில் மூழ்கியதும் மயிருக்குள் சிறைப்பட்ட காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து குமிழிகளாக மேலே வரும். கரையேறியதும் உடலை உதறிப் புல்லிலும் மணலிலும் புரண்டு மயிரை உலர்த்திக்கொள்ளும். ஆக எச்சம், குமிழி வரிசை, புரண்ட இடம் ஆகிய மூன்றும் இந்த மயிரோடு தொடர்புடையவையே.

எப்போது, எங்கே

நம் மாவட்டங்களில் இதற்கு ஏற்ற காலம் கோடையின் பிற்பகுதி, அதாவது ஆடி ஆவணி மாதங்களும் புரட்டாதியின் முதற்பகுதியும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவ மழை கொட்டிக் குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாயும்போது தண்ணீர் வயலெங்கும் பரந்துவிடும். மீனும் வாய்க்கால் வழியே பரவும், மீனைத் தொடர்ந்து நீர்நாயும் பரவும். இட்ட எச்சத்தையும் பதிந்த தடத்தையும் அடுத்த மழையே கழுவிவிடும். சிறுபோகத்துக்கு நீர் திறந்துவிட்டு முடியும் தறுவாயில் நிலைமை தலைகீழாகிறது. குளம் வற்றி உள்வாங்க, அலைகரையில் மிருதுவான சேறு அகலமாக வெளிப்பட, எஞ்சிய நீரில் மீன்கள் நெருங்கிக் கிடக்கும். தடம் பதிவதற்கும் பதிந்த தடம் சில நாள் நிலைப்பதற்கும் இதைவிடத் தோதான காலம் இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, மட்டக்களப்பில் உன்னிச்சை, றூகம், வாகனேரி, நவகிரி ஆகிய குளங்களின் கட்டுகளும் அம்பாறையில் கொண்டவட்டவான், இறக்காமம், சாகாமம் ஆகிய குளங்களின் கட்டுகளும் தேடலைத் தொடங்கப் பொருத்தமானவை. இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் பெரிது. ஆனால் அதைச் சூழ்ந்துள்ள காடு 1954 இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் அடங்குவதால் அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடும் வழிகாட்டியோடும்தான் போக முடியும். தொடக்கத்தில் பெரிய நீர்த்தேக்கத்தைவிட ஊருக்கருகேயுள்ள நடுத்தரக் குளமே நல்லது என்பது என் கருத்து. சுற்றி நடந்து முடிக்கலாம், மறு வாரமும் போகலாம்.

குளம் முழுவதையும் தேடத் தேவையில்லை. குளத்து நீரைத் திறந்துவிடும் துருசின் சுவர் மேற்பரப்பு, வான்கதவின் பக்கச் சுவர்கள், வான் பாயும் இடத்தில் கிடக்கும் கற்கள், ஓடை குளத்தில் விழும் வாய், வீதி மதகுகளின் அடியில் நீர் ஏறாத விளிம்பு, தண்ணீரில் பாதி கிடக்கும் பட்ட மரம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இரு நீர்நிலைகள் சந்திக்கும் இடமும், நீரிலிருந்து சற்று உயர்ந்து தனித்துத் தெரியும் மேடும் நீர்நாய்க்குப் பிடித்தமானவை. ஆற்றங்கரை மருத மரங்களின் வேர்களுக்கிடையே உள்ள பொந்துகள் அது பகலில் படுக்க ஏற்றவை. அவற்றுக்குள் கையையோ தடியையோ விடக் கூடாது. ஆற்றுவாழையும் சல்பீனியாவும் அடைத்து மூடிய மூலைகளில் நேரத்தைச் செலவிடுவதில் பயனில்லை.

மட்டக்களப்பு வாவியோரம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உவர்நீரில் மீன் பிடிக்கும் நீர்நாய் தன் மயிரில் படியும் உப்பைக் கழுவ நன்னீரை நாடும். உப்புப் படிந்த மயிரில் காற்றுத் தங்காது. ஆகவே கண்டல் ஓரம் முழுவதையும் அலசுவதற்குப் பதிலாக, வயல் வாய்க்காலோ ஓடையோ வாவியில் வந்து சேரும் இடங்களைப் பார்ப்பதே பலன் தரும்.

எச்சத்தைக் கண்டறிதல்

நீர்நாய்க்கு எச்சம் கழிவு மட்டுமன்று. இந்த இடத்தில் நான் இருக்கிறேன் என்று மற்ற நீர்நாய்களுக்கு அறிவிக்கும் முறையும் அதுவே. எனவே ஒளித்து வைக்காமல் எடுப்பான இடத்தில், பல சமயம் அதே கல்லில் திரும்பத் திரும்ப, சிறு சிறு அளவாக இட்டுச் செல்லும். பழையதும் புதியதும் ஒரே கல்லில் கிடந்தால், அது வழக்கமாக வந்துபோகும் இடம் என்று கொள்ளலாம்.

புதிய எச்சம் கருமையாகவோ கரும்பச்சையாகவோ, ஈரமாகப் பசபசவென்று இருக்கும்; அளவில் விரல் நீளத்துக்கு மேற்படாது; குறிப்பிட்ட வடிவமும் இராது. காய்ந்தால் சாம்பல் நிறமாகி, தொட்டதும் உதிர்ந்து செதிலும் முள்ளுமாகப் பரவும். மணம் அழுகிய மீனின் நாற்றமன்று. மீன் வாடையோடு கலந்த, சற்று இனிப்பான கஸ்தூரி போன்ற நெடி அது; ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார். சங்கப் புலவர்கள் நீர்நாயைப் பாடும்போது அதன் புலவு மணத்தையும் சேர்த்துப் பாடியது வீணன்று.

காய்ந்த எச்சம் ஒன்றை ஓர் ஈர்க்கால் வெள்ளைத் தாளின் மேல் பிரித்துப் பாருங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். வயலோர நீரிலும் விலங்குக் கழிவிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்புண்டு. கண்ணாடித் துண்டு போல் மெல்லியதாக, வட்ட வட்டமான வரிகளோடு தென்படுவது செதில். நம் குளங்களில் அது பெரும்பாலும் திலாப்பியாவினுடையதாக இருக்கும், ஏனெனில் 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன் இன்று குளங்களெல்லாம் நிறைந்திருக்கிறது. செதிலே இல்லாமல், ஓரத்தில் அரம் போலப் பல் வைத்த முள் கிடந்தால் கெளுத்தி. சிவந்த அல்லது வெளுத்த ஓட்டுச் சில்லுகளும் இடுக்கியின் நுனியும் நண்டு. நீண்டு மெலிந்த, உள்ளே பொள்ளலான எலும்பு தவளையினுடையது. இடையிடையே கடுகளவு வெண்ணிற உருண்டைகள் அகப்பட்டால் வீசிவிடாதீர்கள். அவை மீனின் கண்வில்லைகள், செரிமானத்துக்குத் தப்பி வந்தவை. இறகுத் துண்டு எப்போதாவது இருக்கலாம். எச்சம் முழுவதும் விலங்கு மயிராக இருந்தால் அது நீர்நாயின் எச்சம் அன்று.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை சில. மீன்பிடிப் பூனையும் குளத்தோரத்தில் மீன் தின்னும். ஆயினும் அதன் கழிவு கயிறு திரித்தாற்போல் முறுக்கி, நுனி கூராக, எலி மயிரும் பறவை எலும்பும் கலந்திருக்கும். கீரியினுடையதும் முறுக்குடையது, பூச்சி ஓடுகள் நிறைய இருக்கும். நீரோரம் வாழும் பெரிய உடும்பான கபரகொய்யாவின் கழிவில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பகுதி ஒட்டியிருக்கும். நீர்க்காகம் உட்காரும் கல் முழுவதும் வெள்ளை வழிந்திருக்கும். அதன் நடுவே கிடக்கும் மீன் செதிலைக் கண்டு ஏமாறக் கூடாது.

தடம்

நீர்நாயின் தடம் ஏறக்குறைய வட்டமானது. குறுக்களவு 6 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். ஐந்து விரல்கள் உள்ளங்காலைச் சுற்றி வளைவாக விரிந்திருக்கும், ஒவ்வொன்றும் துளி வடிவில் நுனியில் சிறிய நகப் புள்ளியோடு முடியும். சவ்வு மிக மிருதுவான சேற்றில்தான் பதியும். ஆகவே சவ்வு தெரியவில்லை என்பதற்காகத் தடத்தைத் தள்ளிவிட வேண்டாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், கெட்டியான தரையில் உள்ளோர விரல் பதியாமல் நான்கு விரல் மட்டும் தெரியும். அப்போது ஊர் நாயின் தடம் போலத் தோன்றும். நாயின் தடத்தை நடுவே கோடு கிழித்தால் இரு பாதியும் ஒத்திருக்கும். நீர்நாயினுடையது ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். மீன்பிடிப் பூனையின் தடத்திலும் நான்கு விரல்தான். பெரும்பாலும் நகம் பதிவதில்லை.

ஒற்றைத் தடத்தை வைத்து முடிவு சொல்வதைவிடப் போக்கைத் தொடர்ந்து பார்ப்பது மேல். நீர்நாயின் தடம் நீரிலிருந்து புறப்பட்டு நீருக்கே திரும்பும், அல்லது கட்டைக் குறுக்கே கடந்து வாய்க்காலில் இறங்கும். இரண்டிரண்டாகச் சேர்ந்த தடங்கள் இடைவெளி விட்டு வந்தால் அது தாவிச் சென்றிருக்கிறது. சேற்றுச் சரிவில் வயிற்றால் வழுக்கி இறங்கிய வழவழப்பான தடமும் உண்டு. கபரகொய்யாவும் முதலையும் அப்படி இறங்குமாகையால், பக்கத்தில் விரல் தடத்தைத் தேடி உறுதி செய்துகொள்ள வேண்டும். படம் எடுக்கும்போது தடத்தருகே ஒரு தீப்பெட்டியையோ நாணயத்தையோ வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். அளவு தெரியாத படத்தால் யாருக்கும் பயனில்லை.

நேரில் காண முயலும்போது

எச்சம் புதிதாகக் கிடந்த இடத்தைக் கண்டபின் உட்காருவதில் பொருள் இருக்கிறது. விடியுமுன் வந்து, காற்று உங்களிடமிருந்து அந்த இடத்தை நோக்கி வீசாதபடி இடம் தேர்ந்து, குளக்கட்டின் விளிம்புக்கு மேல் தலை உயர்ந்து தெரியாமல் உட்கார வேண்டும். மோப்பமும் செவியும் அதற்குக் கூர்மையானவை. வாசனைத் தைலம், சிகரெட், பேச்சு மூன்றும் ஆகாது. டோர்ச் வெளிச்சத்தை நீரின் மேல் அடிப்பதும் வேண்டாம்.

நீந்தும்போது தட்டையான தலை மட்டும் நீர்மட்டத்தில் தெரியும், பின்னால் கூம்பு வடிவில் அலை விரியும். சில சமயம் முதுகும் வாலும் சேர்ந்து மூன்று திட்டுகளாகத் தோன்றும். மூழ்கும்போது முதுகு வளைந்து வால் நுனி கடைசியாக மறையும். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் மீண்டும் தலை எழும். இதற்கிடையே குமிழி வரிசை எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனித்தால் எழும் இடத்தை முன்கூட்டியே ஊகிக்கலாம். சிறு மீனைத் தலையை உயர்த்தியபடி நீரிலேயே மென்று தின்னும். பெரிய மீனைக் கரைக்கு இழுத்து வரும். கபரகொய்யா நீந்தினால் உடல் முழுவதும் பாம்பு போல் பக்கவாட்டில் நெளியும். முதலை அசைவற்று, கண்ணும் மூக்கும் தனித்தனி மேடாகக் கிடக்கும். பாம்புத்தாராவுக்கும் நீர்க்காகத்துக்கும் கழுத்தே அடையாளம்.

தானியங்கிக் கமரா பொருத்துகிறவர்கள் எச்சக் கல்லிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளி முழங்கால் உயரத்தில் கட்டலாம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை உடல் வெப்பத்தை உணர்ந்தே படம் பிடிப்பவை. நீரிலிருந்து அப்போதுதான் ஏறிய நீர்நாயின் நனைந்த மயிர் அந்த வெப்பத்தை மறைத்துவிடுவதால் பல வருகைகள் பதிவாகாமல் போகும். படம் இல்லை என்பதை விலங்கு இல்லை என்று வாசிக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

இப்பக்கத்துக் குளங்களில் விடியலும் அந்தியும் யானை இறங்கும் நேரம். புறப்படுமுன் வயல் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையிடமோ வாடியில் காவல் இருப்பவரிடமோ முந்திய இரவு யானை எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். அவர் போகாதீர்கள் என்றால் போகக் கூடாது. முதலை இருக்கும் நீரில் முழங்கால் அளவுக்குக்கூட இறங்க வேண்டாம். உயரமான சப்பாத்து அணிவது பாம்புக்கும் சேற்றுக்கும் நல்லது.

குட்டிகளைக் கண்டால் உடனே பின்வாங்குங்கள். ஒரு ஈற்றில் பொதுவாக இரண்டு மூன்று பிறக்கும். சினைக் காலம் ஏறத்தாழ 60 நாள். ஒரு வருடம் அளவுக்குத் தாயோடு திரியும். தாய் இரை தேடப் போயிருக்கும்போது தனியே கிடக்கும் குட்டியை அநாதை என்று எண்ணித் தூக்கிக்கொண்டு வருவதே அதை அநாதையாக்கும். சட்டப்படியும் நீர்நாய் பாதுகாக்கப்பட்ட விலங்கு; பிடிப்பதோ வளர்ப்பதோ குற்றம். காயப்பட்டதையோ, வலையில் சிக்கியதையோ கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

மீனவர்களிடம் பேசாமல் இந்த வேலை முழுமை பெறாது. வலையைக் கிழித்தது நீர்நாய் என்று அவர்கள் சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். அது பல இடங்களில் உண்மையே. தங்கூசி வலையில் சிக்கிய மீனை எடுக்க வரும் நீர்நாய் தானும் சிக்கி, மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகவும் நேரும். எந்த மூலையில், எந்த மாதத்தில் வலை கிழிகிறது என்று கேட்டறிந்தால், கரையில் எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

பார்த்ததை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்: திகதி, குளத்தின் பெயர், துருசா வானா ஓடையா என்ற விவரம், எச்சம் புதியதா காய்ந்ததா, உள்ளே என்ன இருந்தது, நீர்மட்டம் எவ்வளவு. ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். பொந்து இருக்கும் இடத்தையும் குட்டிகள் உள்ள இடத்தையும் முகநூலில் பதிய வேண்டாம். குளத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும்.